டிஜிட்டல் பீட்டாகேம்

டிஜிட்டல் பீட்டாகேம் என்பது ஜப்பானின் சோனி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட தொழில்முறை வீடியோப் பதிவு முறை. அரை அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் படத்தையும் ஒலியையும் எண்களாகப் பதிவது. எடிட்டிங் கூடங்களில் ‘டிஜிபீட்டா’ என்றே பேச்சு வழக்கு. எச்.டி. வருவதற்கு முந்தைய தொலைக்காட்சியில், நிகழ்ச்சியின் மாஸ்டர் பிரதி என்றால் பல நாடுகளில் இந்த நாடாவையே குறித்தது.

முன்னோடிகள்

ஒளிபரப்புக்கு உதவும் வீடியோ நாடாப் பதிவுக் கருவியை (வி.டி.ஆர்.) அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளும் அனலாக் பதிவின் காலம். அதன் பெருங்குறை பிரதியெடுக்கும்போதுதான் தெரியும். படப்பிடிப்பு நாடாவிலிருந்து எடிட்டிங் நாடாவுக்கு, அதிலிருந்து மாஸ்டருக்கு, மாஸ்டரிலிருந்து ஒளிபரப்புப் பிரதிக்கு என ஒவ்வொரு படி இறங்கும்போதும் விளிம்புகள் மங்கும், நிறம் கசியும், புள்ளி இரைச்சல் கூடும்.

எண்களாகப் பதிந்தால் இந்தத் தேய்மானம் இருக்காது. ஆனால் எண்களின் அளவு மலைக்க வைத்தது. 1982-இல் வந்த சி.சி.ஐ.ஆர். 601 என்ற சர்வதேசப் பரிந்துரைப்படி, படத்தின் ஒளிர்வை நொடிக்கு 1.35 கோடி முறையும் இரண்டு நிறக் கூறுகளை அதில் பாதி முறையும் மாதிரியெடுக்க வேண்டும். மாதிரிக்கு 8 பிட் என்று வைத்தாலே நொடிக்கு 21.6 கோடி பிட் ஆகிறது. சோனியின் டி1 (1986) இதைச் சுருக்காமல் 19 மி.மீ. நாடாவில் பதிந்தது. அன்றைக்கு அதைவிடச் சிறந்த படம் எந்த நாடாவிலும் இல்லை. ஆனால் விலை அதிகம். விளம்பரப் படங்களும் கிராஃபிக்ஸும் செய்யும் பெரிய கூடங்களே வாங்கின. 1988-இல் டி2, 1991-இல் பானசோனிக்கின் டி3 ஆகியவை நிறத்தையும் ஒளிர்வையும் ஒன்றாகக் கலந்த காம்போசிட் சிக்னலை எண்ணாக்கிச் செலவைக் குறைத்தன. பி.பி.சி. தன் பழைய 2 அங்குல நாடாக்களை டி3-க்கு மாற்றியது. சில ஆண்டுகளிலேயே டி3 கருவிகள் அருகிப்போக, அந்த நாடாக்களை மறுபடியும் கோப்புகளாக மாற்ற வேண்டிவந்தது.

பதியும் விதம்

டிஜிட்டல் பீட்டாகேம் கலப்பில்லாத காம்பொனென்ட் சிக்னலையே எடுத்துக்கொண்டது. மாதிரிக்கு 10 பிட். ஆனால் அதை ஏறத்தாழ 2.3-க்கு 1 என்ற அளவில் சுருக்கிப் பதிந்தது. பதிவாகும் படத்தின் தரவு நொடிக்குச் சுமார் 9 கோடி பிட். இவ்வளவு மிதமான சுருக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஒவ்வொரு படமும் முன்பின் உள்ள படங்களைச் சாராமல் தனித்தனியே சுருக்கப்படுவதால், எந்த ஃபிரேமிலும் வெட்டி ஒட்டலாம். ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்கப்படாத நான்கு தடங்கள் உண்டு.

வேகமாகச் சுழலும் உருளையில் பொருத்திய ஹெட்கள் நாடாவின் குறுக்கே சாய்வான தடங்களாகப் பதிகின்றன. நாடாவின் விளிம்பையொட்டி நேர்த் தடங்களில் ஃபிரேம்களின் நேரத்தைக் குறிக்கும் டைம்கோடும் கட்டுப்பாட்டுச் சிக்னலும் ஓடும். நாடாவின் தடிமன் சுமார் 14 மைக்ரான்தான். அதில் ஒரு தூசி அமர்ந்தாலும் ஆயிரக்கணக்கான பிட்கள் போய்விடும். ஆகவே பிழை திருத்தும் ரீட்-சாலமன் குறியீடுகளும் தரவோடு சேர்த்து எழுதப்படுகின்றன. சிறு இழப்பைக் கருவி அப்படியே சரிசெய்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒப்பேற்றும். அதற்கும் அப்பால் போனால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும் அல்லது உறைந்து நிற்கும்.

இங்கேதான் இயக்குபவரின் அனுபவம் கைகொடுத்தது. அனலாக் நாடா கெடும்போது திரையில் கோடுகளைக் காட்டி முன்னமே எச்சரிக்கும். டிஜிட்டல் நாடாவோ கடைசி நிமிடம்வரை பளிச்சென்று ஓடி, சட்டென்று விழும். டிவிடபிள்யூ-ஏ500 போன்ற வி.டி.ஆர்.களின் முகப்பில் இருந்த ‘சேனல் கண்டிஷன்’ விளக்கைப் பார்த்துத்தான் உள்நிலவரம் தெரியும். பச்சை என்றால் நலம்; மஞ்சள் என்றால் திருத்தும் பளு கூடுகிறது; சிவப்பு என்றால் நாடாவை வெளியே எடுத்துவிட்டு ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். ஹெட் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் கருவியே வைத்திருந்தது.

பரவிய காரணம்

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் பானசோனிக்கின் டி5 (1994) ஒரு படி மேல். அது 10 பிட் காம்பொனென்ட் படத்தைச் சுருக்காமலே பதிந்தது. ஆனால் நிலையங்களின் அலமாரிகளில் 1982 முதல் சேர்ந்த அனலாக் பீட்டாகேம், பீட்டாகேம் எஸ்பி நாடாக்கள் குவிந்திருந்தன. சோனியின் ‘ஏ’ வரிசைக் கருவிகள் அந்தப் பழைய நாடாக்களையும் ஓட்டின. நேற்றைய செய்திக் காட்சியையும் இன்றைய பதிவையும் ஒரே வி.டி.ஆரில் போட முடிந்ததே டிஜிபீட்டாவை வெல்ல வைத்தது என்று துணிந்து சொல்லலாம்.

கேமராவுக்கான சிறிய கேசட் 40 நிமிடமும், கூடத்துக்கான பெரியது 124 நிமிடமும் ஓடும். திரைப்படங்களை டெலிசினி மூலம் வீடியோவாக்கித் தொலைக்காட்சிக்குக் கொடுக்க இந்தியாவிலும் டிஜிபீட்டா பயன்பட்டது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குப் பெரிய கேசட் இரண்டு வேண்டும்.

பின்னாளில்

பீட்டாகேம் எஸ்எக்ஸ் (1996), எச்.டி.கேம் (1997), எச்.டி.கேம் எஸ்ஆர் (2003) ஆகியவை இதே அரை அங்குலக் குடும்பத்தவை. 2011 மார்ச் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் சோனியின் செண்டாய் நாடாத் தொழிற்சாலை பாதிக்கப்பட்டபோது, எஸ்ஆர் நாடாவுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. ஏற்கெனவே மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த தொழில்துறை அதன்பின் இன்னும் வேகமாக நகர்ந்தது. அரை அங்குல வி.டி.ஆர்.களின் விற்பனையை சோனி 2016-இல் முடித்துக்கொண்டது.

இன்று சிக்கல் நாடாவைவிடக் கருவியில்தான் அதிகம். பராமரித்த நாடா இன்னும் ஓடும். அதை ஓட்டும் ஹெட்டும் உருளையும் புதிதாகக் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே, காந்த நாடாக்களை மீட்க 2025-ஐக் கெடுவாகக் குறித்து எச்சரித்தது. அந்தக் கெடு கடந்துவிட்டது. டிஜிபீட்டா மாஸ்டர்களை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களும் நிலையங்களும், ஓடும் நிலையில் ஒரு வி.டி.ஆர். கைக்கு எட்டும்போதே அவற்றைக் கோப்பாக மாற்றி, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும். மாற்றிய பிறகும் மூல நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம்.