தந்த தாதுவின் கதை

மறைத்து வைக்கப்பட்ட ஒரு புனிதப் பொருள், அதை அடையத் துடிக்கும் அரசர்கள், இடையிடையே அற்புதங்கள் – இம்மூன்றும் இருந்தால் விறுவிறுப்பான நவீனம் ஒன்று உருவாகிவிடும். ஆனால், நவீன ஆசிரியர் எவரும் புனைய வேண்டாதபடி, இலங்கையின் வரலாறே அத்தகைய கதை ஒன்றை நமக்கு வழங்கியிருக்கிறது. கண்டி மாநகரின் தலதா மாளிகையில், பேழைக்குள் பேழையாக வைத்துப் போற்றப்படும் புத்தர் பெருமானின் தந்த தாதுவையே நான் குறிப்பிடுகிறேன். மாணவ நண்பர்களே, இக்கதையில் வரலாறு எது, ஐதிகம் எது என்று பகுத்துப் பார்ப்பதே என் இன்றைய நோக்கம்.

பாலி மொழியில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த காவியம் தாட்டாவம்சம். கலிங்க நாட்டுத் தந்தபுரத்தில் வழிபடப்பட்ட அப்பல்லை அழிக்க முயன்றோர் நெருப்புக் குழியில் இட்டபோது, தாமரை மலர் ஒன்று எழுந்து அதைத் தாங்கிற்று என்று அந்நூல் கூறுகிறது. பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தபோதோ, அது பட்டடைக்குள்ளேயே பதிந்துகொண்டதாம். பின்னர்ப் போர் மூண்டது. இளவரசி ஹேமமாலா அதைத் தன் கூந்தலுள் ஒளித்துக் கணவனுடன் கடல் கடந்து இலங்கைக்குக் கொணர்ந்தாள் என்பர். அது 4ஆம் நூற்றாண்டு. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய 900 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆகவே அற்புதங்களுக்கு நம்மிடம் உள்ள சான்று, மிகவும் பிற்காலத்துச் சான்றே. எனினும், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் பாஹியான், அங்கே தந்த தாதுவுக்கு எடுக்கப்பட்ட பெருவிழாவை வருணித்திருக்கிறார். தாது அங்கே இருந்தது என்பதற்கு அவர் எழுத்து வலுவான சான்று.

காலப்போக்கில், தாதுவை உடையவனே நாட்டை ஆளும் உரிமை உடையவன் என்ற கொள்கை வேரூன்றியது. தலைநகர் மாறியபோதெல்லாம் தாதுவும் உடன் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியன் குலசேகரனின் தலைவன் ஆரியச் சக்கரவர்த்தி யாப்பகூவாவை வென்று தாதுவைப் பாண்டிய நாட்டுக்கு எடுத்துச் சென்றான். மூன்றாம் பராக்கிரமபாகு, வாளை நம்பாமல், தானே பாண்டியனிடம் சென்று பேசி அதை மீட்டான் என்று சூளவம்சம் உரைக்கிறது.

1560இல் போர்த்துகீசிய அரசப் பிரதிநிதி கான்ஸ்டன்டினோ த பிரகான்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். அங்கே கைப்பற்றிய பல் ஒன்றைத் தந்த தாது என்று கோவாவுக்குக் கொண்டுசென்றான். பெகு நாட்டு மன்னன் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தான். கருவூலத்தின் தேவை ஒருபுறம். சமயக் கொள்கை மறுபுறம். கொள்கையே வென்றது. 1561இல் பேராயர் கஸ்பார் அப்பல்லை உரலில் இட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைக்கச் செய்தார். இம்முறை தாமரை மலரவில்லை. உரலும் அதை உள்வாங்கிக் காக்கவில்லை.

கதை முடிந்ததா? இல்லை. சில ஆண்டுகளில் கோட்டை அரசிலிருந்து ஒரு பல் பெகு மன்னனை அடைந்தது. மெய்யான தாது தம்மிடமே உள்ளதென்று கண்டியாரும் கூறினர். உண்மைத் தாது சப்பிரகமுவையின் தெல்கமுவ விகாரையில், தானியம் அரைக்கும் கல்லுக்குள் மறைக்கப்பட்டிருந்தது என்பது சிங்கள மரபு. முதலாம் விமலதர்மசூரியன் அதைக் கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை எழுப்பினான்.

அப்படியானால் கோவாவில் எரிந்தது எது? அச்சாம்பலைச் சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. இரு தரப்பாரும் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்பவே சாட்சி சொல்லியிருக்கின்றனர். எந்தப் பல் மெய்யானது என்று தீர்ப்புரைப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. அதன்பொருட்டு மனிதர் என்ன செய்தனர் என்பதே அவன் ஆராயத்தக்கது.

அதற்கு 1818ஆம் ஆண்டே சான்று. 1815இல் கண்டியைக் கைக்கொண்ட ஆங்கிலேயருக்கு எதிராக 1817இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போது தாது இரகசியமாக வெளியேற்றப்பட்டது. மறு ஆண்டு அது ஆங்கிலேயர் கையில் மீண்டும் சிக்கியதும், இனி அவர்களே நாட்டின் அதிபதிகள் என்று மக்கள் பேசிக்கொண்டதை, அக்காலத்தில் இலங்கையில் பணிபுரிந்த மருத்துவர் ஜான் டேவி பதிவு செய்துள்ளார். பீரங்கிகள் பெற்றுத் தராத ஒப்புதலை விரலளவேயான ஒரு பொருள் பெற்றுத் தந்தது!

தாமரை பூத்ததோ இல்லையோ, நான் அறியேன். ஆனால் இளவரசியின் கூந்தலும் ஏழை விகாரையின் அரைகல்லும் ஒரு நாட்டின் அரசுரிமைக்கே காப்பாக நின்றன என்று ஒரு மக்களினம் நூற்றாண்டுகளாக நம்பி வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையின் ஆற்றல் ஐதிகமன்று, வரலாறு.