கால்பந்து அரங்கம்

கால்பந்து ஆடவும், அதைப் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கவும் ஏற்ற கட்டடம் கால்பந்து அரங்கம். ஆடுகளம், அதைச் சூழ்ந்த கேலரி, மேற்கூரை, வாயில்கள், மின்னொளி விளக்குகள் ஆகியவை இதன் உறுப்புகள். பன்னாட்டு ஆட்டங்களுக்குரிய களம் வழக்கமாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. தமிழ்நாட்டில் இவ்வகை அரங்குகளில் முதன்மையானது சென்னைப் பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். அங்கு ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம்.

எல்லாரும் காண

கூட்டத்தின் கடைசியில் இருப்பவருக்கும் நடப்பது தெரிய வேண்டும் என்ற தேவை பழையது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்கின்றன. பெயரெழுதிய ஓலைகள் இட்ட குடத்தை, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் அவையோர் அனைவரும் காணுமாறு தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காணும் பொருளை உயர்த்தியது அந்தச் சபை. தரையில் உருளும் பந்தை அப்படித் தூக்கிக் காட்ட வழியில்லை. காண்பவரைத்தான் உயர்த்த வேண்டும். கால்பந்து அரங்கக் கட்டடக்கலை இதிலிருந்து தொடங்குகிறது.

மண்மேடும் மரப்பலகையும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் கூட்டம் பெருகியபோது, களத்தைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அல்லது மரச்சட்டங்களின்மேல் பலகை பாவிப் படிகள் அமைத்தார்கள். 1902இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் அத்தகைய பலகைத்தளம் முறிந்து 25 பேர் இறந்தனர். அதை வடிவமைத்த பொறியாளர் ஆர்ச்சிபால்ட் லீச் அதன்பின் உறுதியான மண்மேட்டின்மீது படிகள் எழுப்பும் முறையைக் கைக்கொண்டார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் 1906இல் எழுந்த மேட்டுக்கு, தென்னாப்பிரிக்கப் போர்க்களமான ஸ்பியோன் காப் என்ற குன்றின் பெயரே வழங்கலாயிற்று.

பார்வைக் கோடு

பின்வரிசையில் இருப்பவரின் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது முன்வரிசையில் இருப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே செல்கிறது என்பதே கேலரி வடிவமைப்பின் அடிப்படை அளவு. 12 சென்டிமீட்டர் இருந்தால் நன்று, 9 போதுமானது, 6க்கும் கீழே போனால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். இந்த அளவு எல்லா வரிசைக்கும் கிடைக்க வேண்டுமானால், மேலே போகப் போகப் படியின் உயரம் சிறிது சிறிதாகக் கூட வேண்டும். அதனால்தான் நல்ல கேலரியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் கிண்ணத்தின் வளைவு தெரிகிறது.

தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டும்போது இந்தக் கணக்கு குலைகிறது. 400 மீட்டர் ஓடுதளம் ஒன்றில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதற்குள் கால்பந்துக் களத்தைப் பொருத்தினால், கோல் கோட்டுக்குப் பின்னே 26 மீட்டர் வெற்றிடம் விழும். எட்டுத் தடங்களின் அகலத்தையும் சேர்த்தால் முதல் வரிசை ரசிகருக்கும் கோலுக்கும் இடையே குறைந்தது 36 மீட்டர். பக்கவாட்டிலோ 12 மீட்டர்தான். கோல் விழுவதைக் காண வந்தவருக்கே கோல் எட்டத்தில் போய்விடுகிறது.

சென்னையில்

நேரு அரங்கம் இருப்பது, 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில், ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம். முன்பு அங்கிருந்த மாநகராட்சி அரங்கில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. பின்னர் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின.

இன்றைய அரங்கம் 1993இல் எழுந்தது. அவ்வாண்டு நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி இங்கே நடந்தது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் சென்னையில் நடைபெற்றன. ஒரே அரங்கம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பயன்பட வேண்டியிருந்ததால் ஓடுதளம் உள்ளே வந்தது. 2014 முதல் இது சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து அணியின் சொந்தக் களம்.

விபத்துகள் தந்த விதிகள்

கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது நேர்ந்த நெரிசலில் 16 பேர் இறந்தனர். இங்கிலாந்தில் 1985இல் பிராட்ஃபோர்டின் மரக் கேலரி எரிந்து 56 பேரும், 1989இல் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் 97 பேரும் மாண்டனர். ஹில்ஸ்பரோவை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் 1990ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், அந்நாட்டின் பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் படிகள் போய் ஆளுக்கோர் இருக்கை வந்தது. கேலரியில் இருப்பவர்கள் 8 நிமிடத்துக்குள் வெளியேறும்படி வழிகளின் அகலத்தைக் கணக்கிடுவதும் பிரிட்டன் நெறிகளில் உண்டு. இந்தியாவிலும் இம்மாற்றம் உண்டு: 1984இல் திறக்கப்பட்ட கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியதுண்டு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி இருக்கைகள் பொருத்தியபோது கொள்ளளவு பெரிதும் குறைந்தது.

கூரையும் நீரும்

கூரை ரசிகருக்கு நிழல். புல்லுக்கு அதுவே பகை. அதனால் தூண் மறைக்காத, களத்துக்குமேல் திறந்த கூரைகள் வழக்கமாயின. புல்லுக்கடியில் மணல், அதன்கீழ் சரளை, அதனூடே துளையிட்ட குழாய்கள் என்ற அடுக்கு மழைநீரை வடிக்கிறது. ஊரே நீரில் நின்றால் அதுவும் உதவாது: 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி. தன் சொந்தக் கள அரையிறுதியைப் புனேயில் ஆடியது.

ஊர்ப்புறத்தில்

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் என்பது தமிழ்நாடு அரசின் திட்டம். அந்த அரங்கம் வரும்வரை, ஏரிகள் நிறைந்த உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களில், கோடையில் நீர் வற்றிய ஏரி உள்வாயே களம். குச்சி நட்டால் கோல். ஆடாதவர்கள் கரைச் சரிவில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்காருகிறார்கள். பின்னால் வருபவர் இன்னும் மேலேறி உட்காருகிறார். ஓடுதளம் இல்லாததால் பந்து காலடிக்கே வந்து விழுகிறது.