உயிர் காலேஜும் செத்த காலேஜும்

இரண்டு நாள் ஓய்வில் ஒரு நகரத்தைப் பார்த்துவரப் புறப்படுகிறவர் இக்காலத்தில் தங்கும் அறையையும், பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அனுமதிச் சீட்டையும் புறப்படுவதற்கு முன்பே விலைக்கு வாங்கிவிடுகிறார். இங்கிலாந்தின் தாமஸ் குக் 1868-ஆம் ஆண்டிலேயே ஹோட்டல் கூப்பன்களை அச்சிட்டு விற்று இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர். ஆனால் தாமஸ் குக்கின் பெயரைக் கேட்டறியாத நம் முன்னோர்களும் சென்னையைப் பார்க்கப் போனார்கள். மஞ்சள் பையில் மாற்று வேஷ்டியும், தூக்குச் சட்டியில் புளியோதரையுமாகப் போய், இரண்டு மூன்று நாட்களில் பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய மனிதரிடம் கிராமத்தார் முதலில் கேட்ட கேள்வி, கவர்னர் மாளிகையைப் பற்றியதோ கோட்டையைப் பற்றியதோ அன்று. "உயிர் காலேஜ் பார்த்தியா? செத்த காலேஜ் பார்த்தியா?" என்பதே அந்தக் கேள்வி. இரண்டையும் பார்க்காதவன் பட்டணம் பார்த்தவனாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

மிருகக்காட்சி சாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஜனங்கள் இட்ட பெயர்கள் இவை. உயிரோடு நடமாடும் புலியும் கரடியும் இருந்த இடம் உயிர் காலேஜ். பஞ்சடைத்த புலியும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் செத்த காலேஜ். கேட்டவுடனே சிரிப்பு வருகிற பெயர்களே என்றாலும், படிப்பறியாதவர்களின் பிழை என்று இவற்றை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஏனெனில் அந்தக் 'காலேஜ்' என்ற சொல்லுக்குள் மெய்யான சரித்திரம் ஒன்று பொதிந்து கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தேச பாஷைகளும் கற்பிப்பதற்காக 1812-ஆம் ஆண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. திருக்குறளில் ஆழ்ந்து ஈடுபட்ட எல்லிஸ் துரை அதன் கர்த்தாக்களில் முதன்மையானவர். அந்தக் கல்லூரி நுங்கம்பாக்கத்தில் எந்தச் சாலையில் இருந்ததோ அந்தச் சாலை இன்றும் கல்லூரிச் சாலை என்றே வழங்குகிறது. 1851-இல் சென்னை இலக்கியச் சங்கத்தார் தாம் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் வகைகளை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, எட்வர்ட் பால்பர் என்ற வைத்தியரின் பொறுப்பில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது, அது முதன்முதலில் இடம் பிடித்தது இந்தக் கல்லூரிக் கட்டடத்தில்தான். ஆகவே அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் காலேஜுக்குப் போனதாகச் சொன்னதில் அக்காலத்துக்கு யாதொரு தவறும் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1854-இல், அது எழும்பூரில் பாந்தியன் என்ற பழைய கேளிக்கை மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. கட்டடம் மாறிற்று, ஜனங்கள் வாயில் பெயர் மட்டும் மாறவில்லை.

பால்பர் அவர்களைப் பற்றி இங்கே இன்னும் சற்று சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் என்பது பண்டிதர்கள் வந்து கல்லையும் கிளிஞ்சலையும் உற்று நோக்கிக் குறிப்பெடுக்கும் இடம் என்று மற்றவர்கள் கருதியிருந்த காலத்தில், அது சாமானிய ஜனங்கள் கூட்டமாக வந்து வியந்து போகும் இடமாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். உயிருள்ள மிருகங்கள் சில அங்கே இருந்தால் வருவோர் தொகை பெருகுகிறது என்பதைக் கண்டுகொண்டு, கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்கள் அனைத்தையும் பெற்று, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையை அமைத்தார். ஓராண்டுக்குள் அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகள் சேர்ந்துவிட்டன. ஒரே மதிலுக்குள் செத்தவையும் உயிருள்ளவையும் இருந்த அந்த எட்டு ஆண்டுகளில்தான், ஒரு காலேஜை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல இந்த இரட்டைப் பெயர்கள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1863-இல் மிருகங்கள் நகரசபையின் வசம் ஒப்புவிக்கப்பட்டு, டிரெவெல்யன் கவர்னராக இருந்தபோது உருவான பீப்பிள்ஸ் பார்க் என்ற 116 ஏக்கர் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அப்போது அந்தப் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. 1856 ஜூலை முதல் தேதி தொடங்கி, வாலாஜா ரோட்டுக்குப் போகும் வண்டி ராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. மிருகங்கள் பூங்காவுக்கு வந்து பத்து ஆண்டு கழித்து, 1873-இல், சென்ட்ரல் நிலையம் எழும்பியபோது, அது ஏறக்குறையப் பூங்காவின் வாசலிலேயே வந்து நின்றது. பிறகு 1900-இல் மூர் மார்க்கெட்டும் அதே பக்கத்தில் திறக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்தச் சேர்க்கையே பின்வந்த எண்பது ஆண்டுகளுக்குப் பட்டணம் பார்க்கும் முறையை நிர்ணயித்தது என்று சொல்வேன். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கியவன், வண்டி வாடகை ஒன்றும் கொடாமல், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்ச் சிங்கத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து வெளியே வந்தால் மூர் மார்க்கெட்டில் பெண்சாதிக்கு வளையலும் பிள்ளைக்குப் பொம்மையும் பேரம் பேசி வாங்கலாம். பழைய புத்தகக் கடைகளில் நுழைந்தவன் வெளியே வருவது மட்டும் அவ்வளவு எளிதன்று.

தங்குவதற்கு? அதற்கும் நடக்கிற தூரமே. சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் இருந்தது. அதே வட்டாரத்தில் முஸ்லிம் பிரயாணிகளுக்கு சித்திக் சராய் ஏற்பட்டது. சத்திரம் என்ற ஏற்பாடு ரயிலுக்கு மிகவும் மூத்தது என்பதை மதுரையில் பிரத்தியட்சமாகக் காணலாம். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம், 1875-இல் ரயில் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தியது. மதுரையில் சத்திரத்தை நாடி ஸ்டேஷன் வந்தது. சென்னையில் ஸ்டேஷனை நாடிச் சத்திரம் வந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரிகர்களுக்காகப் பாதையோரம் நிறுவிய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-இல் கம்பெனியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வருகிற எல்லா ஜாதியாருக்கும் அன்னமிடுவது, சமைத்த சோறு கொள்ளாதவர்களுக்கு அரிசியும் பண்டமும் அளப்பது, நோயாளிகளுக்கு வைத்தியம் செய்வது ஆகியவற்றையெல்லாம் விவரித்துவிட்டு, நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பது வழக்கம் என்றும் அதில் குறிப்பிடுகிறார். நட்சத்திர விடுதிகளின் பட்டியல்களில் எத்தனையோ சௌகரியங்களைப் படித்திருக்கிறேன். நள்ளிரவு மணி எதிலும் இல்லை.

ஆனால் சத்திரங்களைப் புகழ்கிற உற்சாகத்தில் உண்மையை மறைத்துவிடக் கூடாது. எல்லாச் சத்திரமும் சரபோஜியின் சத்திரம் அன்று. குறிப்பிட்ட ஜாதியாருக்கென்றே ஏற்பட்டவை பல. பொதுச் சத்திரங்களிலும் அடுக்களையும் பந்தியும் பிரிந்திருந்தன. தாழ்த்தப்பட்டவன் என்று சமூகம் ஒதுக்கிய மனிதன், பட்டணம் பார்க்க வந்த இடத்திலும், உறவுக்காரன் குடிசையையோ மரத்தடியையோதான் தேடிப் போக வேண்டியிருந்தது. மிருகக்காட்சி சாலையின் கூண்டுக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். இரவு வந்ததும் அவரவர் வாசல் அவரவர்க்கு என்று ஆயிற்று.

வெள்ளைக்காரர்களும் பெரிய மனிதர்களும் தங்கிய ஹோட்டல்கள் வேறோர் உலகம். 1854-இல் ரத்தினவேலு முதலியார் இம்பீரியல் ஹோட்டல் என்று தொடங்கியதே 1886-இல் ஆல்பனி ஆகி, 1891-இல் கன்னிமாரா என்ற பெயர் பெற்றது. நம்மவர்க்கு 'ஹோட்டல்' என்ற சொல்லே வேறு பொருளில் வந்து சேர்ந்தது. சாப்பிடும் இடம் ஹோட்டல், காபி குடிக்கும் இடம் கிளப்பு, படுக்கும் இடம் லாட்ஜ் என்று நம் வழக்கு இன்றுவரை பிரித்தே பேசுகிறது. உண்பதும் உறங்குவதும் ஒரே கூரையின் கீழ் காசுக்குக் கிடைக்கும் என்ற எண்ணத்தை நடுத்தரக் குடும்பங்களிடையே பரப்பியவர்கள் உடுப்பிக்காரர்கள். 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்ற பலகையைத் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் பிரசித்தமாக்கியதில் அவர்கள் பங்கு பெரிது. கிருஷ்ணராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1952-இல் இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் 1954-இல் திறக்கப்பட்டது. சத்திரத்தின் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தவனுடைய மகன், தன் மனைவி மக்களோடு சாவி கொடுக்கும் அறையில் தங்கிய தலைமுறை இது. எழும்பூர் நிலையம் 1908-இல் கட்டப்பட்ட பிறகு தெற்கேயிருந்து வந்தவர்களுக்கு அதன் எதிரிலுள்ள கென்னட் சந்தின் லாட்ஜுகளே தஞ்சம்.

இனி, ஊர் சுற்றுவதற்கான வாகனம். டிராம் வண்டி 1895 மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் நம் சென்னையின் டிராம்தான். கிராமத்து மனிதனுக்கு அது வாகனம் மட்டுமன்று. பார்க்க வேண்டிய காட்சிகளில் அதுவும் ஒன்று. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல், ரயிலைப் போலப் புகையும் கக்காமல், தெரு நடுவே கணகணவென்று மணியடித்துக்கொண்டு போகும் அதில் ஒரு தடவையாவது ஏறி இறங்காதவன் ஊருக்குப் போய் என்ன கதை சொல்வான்? பாரிமுனையில் இறங்கினால் உயர்நீதிமன்றம். 1892-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் உச்சிக் கோபுரத்திலேயே 1894 முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது; நீதியும் வெளிச்சமும் ஒரே கூரையின்மேல் இருந்தன என்று வக்கீல்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு, அந்தக் குண்டு பட்ட மதிலும் காட்சிப் பொருள்களின் ஜாபிதாவில் ஏறிக்கொண்டது. அப்புறம் கடற்கரை, அங்கே 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சி சாலை, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி, மயிலையில் கபாலி. புண்ணியமும் விநோதமும் ஒரே நடையில் சித்தித்தன.

இந்த ஜனங்கள் பெருந்திரளாகக் கூடும் தினம் காணும் பொங்கல். அன்றைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் கூடங்களில் கால் வைக்க இடம் இராது. மங்களூர்க் கரையில் 1874-இல் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழ் நின்று, மீனா மலையா என்று தர்க்கித்தவர்கள் எத்தனை பேரோ! அமராவதிச் சிற்பங்களின் பெருமையை எடுத்துச் சொல்லவோ நடராஜ விக்கிரகங்களின் காலத்தைக் கணித்துச் சொல்லவோ அங்கே ஆளில்லை, அதனால் என்ன? விக்கிரகத்தைக் கண்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். நிபுணர்கள் சிரிக்கலாம், செய்தவன் எதற்காக அதைச் செய்தானோ, அதற்குரிய மரியாதை கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அதற்குக் கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

உயிர் காலேஜின் சரித்திரத்தில் மிகவும் துயரமான மாதம் 1942 ஏப்ரல். ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசிய செய்தி வந்து, சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. பணமுள்ளவர்கள் கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அப்போது அதிகாரிகளுக்கு ஒரு பயம் தோன்றியது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்து, சிங்கமும் புலியும் தெருவில் இறங்கினால் என்ன ஆகும்? மலபார் ஸ்பெஷல் போலீசார் வரவழைக்கப்பட்டார்கள். சிங்கம், புலி முதலான கொடிய மிருகங்களைக் கூண்டுகளிலேயே சுட்டுக் கொன்றார்கள். பூங்காவில் குண்டு ஒன்றும் விழவில்லை. யுத்தம் முடிந்த பிறகு நகரசபை புதிய மிருகங்களைத் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. கடற்கரை மீன் காட்சி சாலையும் அந்த யுத்தத்தோடு மூடிப்போயிற்று.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. 1977-இல் கலங்கரை விளக்கம் நீதிமன்றத்தை விட்டு மெரீனாவுக்குப் போயிற்று. 1985 மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்து, அந்த மனையில் புறநகர் ரயில்களுக்கான நிலையக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் மிருகங்கள் வண்டலூருக்குக் குடியேறின. இந்த மாற்றத்தால் மிருகங்களுக்கு விளைந்தது நன்மையே. 116 ஏக்கர் பூங்காவின் ஒரு மூலையில் கம்பிக்குள் உலாத்தியவற்றுக்கு ஆயிரத்திருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட காடு கிடைத்தது. ஆனால் ரயிலில் இறங்கிக் காலால் நடந்து பட்டணத்தைப் பார்க்கும் முறை அத்துடன் முடிந்தது. காட்சிகள் முப்பது கிலோமீட்டருக்குச் சிதறிய பிறகே, அவற்றைக் கோத்துத் தரும் பஸ்ஸும், பஸ்ஸுக்கு முன்பதிவும், வழிகாட்டியும் இன்றியமையாதவை ஆயின. 1971-இல் ஏற்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நகரைச் சுற்றிக்காட்டும் பஸ்களை விட்டது இந்தத் தேவையை முன்னறிந்தது போலவே அமைந்தது. காலையில் ஏறினால் மாலையில் இறக்கிவிடுவார்கள். நடுவே ஒவ்வோரிடத்திலும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகத்துக்காக ஒன்றரை மணி நேரம் வாதாடியவனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா என்பது சந்தேகமே.

வண்டலூருக்குப் போகிற குழந்தைகள் இன்று அதை 'ஜூ' என்கிறார்கள். காலேஜ் என்று யாரும் சொல்வதில்லை. செத்த காலேஜ் மட்டும் 1854-இல் வந்த அதே பாந்தியன் சாலையில் இருக்கிறது; திமிங்கிலமும் இருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் இப்போதும் நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.