களம் மீண்ட உள்ளம்

புறப்பாடல்களைப் பயில்வோர் நெஞ்சில் தமிழ் மறவனைப் பற்றி ஓர் உருவம் நிலைத்து நிற்கின்றது. அவன் அஞ்சான், விழுப்புண்ணை விரும்பி ஏற்பான், அவன் புறமுதுகிட்டான் எனப் பிறர் கூறக் கேட்ட தாய் வெகுள்வாள். இந்நாளில் போர்க்கதை எழுதுவோர் பலரும் இவ்வுருவத்தை அச்சாகக் கொண்டே தம் மாந்தரை வார்க்கின்றனர். போர் உடலிற் செய்த புண்ணை விரித்துப் பாடிய புலவர், அஃது உள்ளத்திற் செய்த புண்ணை அறியாரோ? அறிவர் என்பதே நம் கருத்து. ஆனால், புகழ் பாடப்பெறும் தலைவன் ஒருவன் பெயரோடு சார்த்தி அதனைச் சொல்ல அவர்க்கு இடமில்லை. ஆகவே, அது வேறு வழிகளால் இலக்கியத்துள் நுழைந்தது.

முல்லைப்பாட்டை முதற்கண் நோக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடிய இது, 103 அடிகளால் ஆகிய சிறு பாட்டு. பாசறையில் யவனர் காக்கும் கூடாரத்தினுள் அரசன் துயிலின்றிக் கிடக்கின்றான். போர்மேல் வைத்த விருப்பமே துயிலாமைக்குக் காரணம் என்று பாட்டுக் கூறுகின்றது. ஆனால், அவன் நினைவில் எழுவன யாவை? வேல் பாய்ந்த புண்ணால் தம் பிடிகளையும் மறந்த களிறுகள். வெட்டுண்டு பாம்பெனத் துடிக்கும் துதிக்கைகள். உண்ட சோற்றுக் கடன் கழித்து மாண்ட மறவர். அம்பு தைத்த வேதனையால் செவி சாய்த்து உணவு கொள்ளாத குதிரைகள். ஒரு கை படுக்கையில் ஊன்ற, மறுகை முடியைத் தாங்க, அவன் நெடுநேரம் நினைந்திருக்கின்றான். அடுத்த போரை விரும்புவான் ஒருவனின் நினைவுகளாக மட்டும் இவற்றைக் கொள்ளுதல் நமக்கு இயலவில்லை. சொன்ன காரணம் ஒன்று. காட்டிய காட்சி மற்றொன்று. இங்கு அரசனுக்குப் பெயரில்லை என்பது நோக்கற்பாலது. நெடுநல்வாடையிலும் அரசன் நள்ளிரவில் உறங்காது புண்பட்டோரைக் காணச் செல்கின்றான். அங்கோ வேலிற் சூடிய வேம்பு அவனைப் பாண்டியன் எனக் காட்டிவிடுகின்றது. அடையாளம் தெரிந்த அரசன் பிறர்க்கு ஆறுதல் கூறும் பெருமையோடு நடக்கின்றான். பெயரற்றவனே செயலற்றுக் கிடக்கின்றான்.

சயங்கொண்டார் வேறொரு வழியைக் கண்டார். கலிங்கத்துப்பரணியில் தோற்றோடும் கலிங்கர் தம் நிழலையே கண்டு அஞ்சுகின்றனர். வேற்றுக் கோலம் பூண்டு தப்புவாரும் உளர். நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவே இப்பகுதி வகுப்பறைகளிற் படிக்கப்பெறுகின்றது. எனினும், களத்தினின்று தப்பியவனுக்கு எல்லா அசைவும் பகையாகத் தோன்றும் என்பதை இத்துணைச் செறிவாகக் கூறிய இடம் பிறிதொன்று நாம் அறிந்த வரையில் இல்லை. பகைவனாதலின் அவன் அஞ்சலாம், புலவரும் சிரிக்கலாம்.

கொங்கு நாட்டு மக்கள் பாடிவரும் அண்ணன்மார் கதை இவ்விரண்டினும் ஆழமுடையது. இன்று பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்தை அடுத்துள்ளது ஓலப்பாளையம். அஃது அந்நாளில் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்கே 1965-இல் மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் இக்கதையை உடுக்கடிப் பாடகர் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் பகைவர் கையால் மடிவதில்லை. தம் வாளின்மேல் தாமே வீழ்ந்து இறக்கின்றனர். பாட்டு இதனை விதியின்மேல் ஏற்றிச் சொல்லும். ஏன் வீழ்ந்தனர் என அவர் வாயாற் கூறுவிப்பதினும், பின் தங்கியவள் என்ன ஆனாள் என்பதிலேயே அதற்கு ஈடுபாடு மிகுதி. தங்கை தங்காள் வீடு துறந்து, காடெல்லாம் அலைந்து, படுகளத்தை அடைந்து அண்ணன்மாரை எழுப்புகின்றாள். எழுந்தும் அவர்கள் வாழ்வுக்குத் திரும்புவதில்லை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரிலும் கொங்குச் சிற்றூர்கள் சிலவற்றிலும் நிகழும் படுகளச் சடங்கில், மருள் வந்த ஆடவர் பிணம்போல் வீழ்ந்து கிடப்பர். பின்னர் நீர் தெளித்து எழுப்பப்பெறுவர். ஏட்டுப்புலவர் ஒருவனுக்கேனும் வழங்காத தளர்ச்சியை இங்கு ஊர் தன் இளைஞர் பலர்க்கும் ஒருநாள் வழங்குகின்றது. இதனை மருத்துவம் என்று கூறுதல் மிகையாகும். வீழ்தல் இழிவன்று என ஊரறிய ஒப்புக்கொள்ளும் இடம் என்னலாம்.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980-இல் இந்நோயைத் தன் வகைப்பாட்டிற் சேர்த்தது. ஈழப் போரின் நடுவே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிய தமிழ்நூல் 'மனவடு' என்றே பெயர் பெற்றது. ஆயின், நோய்க்குப் பெயர் கிடைத்தபின் கதைகளில் வேறொரு குறை புகுந்தது. கெட்ட கனவு, திடுக்கிட்டு விழித்தல், மது என்னும் குறிகளை அடுக்கினாற் போதும் என எண்ணுவோர் தோன்றினர்.

அவர்கள் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை (1959) ஒருமுறை படித்தல் நன்று. பினாங்கு வட்டிக்கடைப் பையன் செல்லையா இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து மீள்கின்றான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை அவனுக்குத் தம் மகள் மரகதத்தைத் தர மறுக்கின்றார். துப்பாக்கி தூக்கியவன் இனித் தொழிலுக்கு ஆகான் என்பது அவர் எண்ணம். அவனோ பெட்டியடிக் கணக்கெழுதவும் வல்லவன். களத்தில் ஆணையிட்டுப் பழகியவனும் ஆவான். இரண்டும் ஒருவனிடத்தே இருத்தலை ஏற்க அக்கடையில் இடமில்லை.