கொட்டை வாங்கிய கதை

புளியஞ்சோலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குளிப்பதற்காகவே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கொல்லிமலையிலிருந்து பாறை பாறையாகத் தாண்டி இறங்கி வரும் ஐயாற்றுத் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் துறையூரை நோக்கித் திரும்பும்போது, சாலையோரத்தில் ஒரு பருத்திக் காடு கண்ணில் பட்டது. ஏழெட்டுப் பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளிடம், "ஏன் பாட்டி, முன்னெல்லாம் வீட்டிலேயே கொட்டை வாங்குவீர்களோ?" என்று கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் மில்லு வந்ததோட போச்சு தம்பி. எடுக்கிறதுக்குத்தான் இன்னும் எங்க விரலு வேணும்" என்றாள்.

அந்த மூதாட்டி போகிற போக்கில் சொன்ன வார்த்தையில் அமெரிக்க தேசத்துச் சரித்திரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் பாட்டி வீட்டுப் பரணில் கொட்டை வாங்கும் மரப்பொறி ஒன்று கிடந்தது. இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பிடியைச் சுற்றினால் பஞ்சு உருளைகளுக்கிடையே புகுந்து அந்தப் பக்கம் போகும். கொட்டை புகமுடியாமல் இந்தப் பக்கம் விழும். பஞ்சு நூற்பதற்கு, கொட்டை மாட்டுக்கு. நம் நாட்டில் பல நூற்றாண்டுகளாக இந்த ஏற்பாடு நடந்து வந்தது. இதற்கு உறவுமுறையான உருளைப் பொறி அமெரிக்காவின் கடலோரத் தீவுகளிலும் இருந்தது. ஆனால் அங்கே உள்நாட்டு மேட்டு நிலத்தில் விளைந்த பருத்தி வேறு ஜாதி. பச்சை நிறக் கொட்டை. பஞ்சு அதை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒரு ஆள் நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு ராத்தல் எடுப்பதே பெரிது. அதனால் அந்தப் பருத்தியை யாரும் பெரிதாகப் பயிரிடவில்லை. புகையிலையும் விலை போகாத காலம். அடிமை முறை தானாகவே தேய்ந்து போகும் என்று அந்நாட்டில் நல்லவர்கள் சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1793-ல் எலி விட்னி என்ற வாலிபர் வந்து சேர்ந்தார். யேல் கல்லூரியில் படித்து முடித்து, வாத்தியார் வேலைக்கென்று தெற்கே போனவர், ஜார்ஜியாவில் ஜெனரல் கிரீனின் விதவை மனைவியுடைய தோட்டத்தில் தங்கினார். அங்கேதான் பல் வைத்த உருளையொன்றைச் செய்தார். பற்கள் கம்பிச் சந்துகளின் வழியாகப் பஞ்சைப் பிடித்து இழுக்கும். கொட்டை வெளியே நின்றுவிடும். பின்னால் ஒரு தூரிகை பஞ்சைத் துடைத்துத் தள்ளும். ஒரு நாளில் ஐம்பது ராத்தல்! 1794-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் ஊரூராகக் கொல்லர்கள் பார்த்துப் பார்த்து அதைப் போலவே செய்துகொண்டார்கள். விட்னிக்கு மிஞ்சியது வழக்குகள்தாம்.

ஒரு வேலையைக் குறைக்க யந்திரம் வந்தால் ஆட்களும் குறைய வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர் எதிர். கொட்டை வாங்குவது சுலபமானதும் எவ்வளவு பருத்தியானாலும் விற்கலாம் என்று ஆயிற்று. ஆனால் விதைக்கவும் களை கொத்தவும் எடுக்கவும் யந்திரம் ஏது? அதற்கு விரல்கள் வேண்டும். 1790-ல் அங்கே அடிமைகள் சுமார் 7 லட்சம். 1860-ல் சுமார் 40 லட்சம். 1808-லிருந்து வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரச் சட்டம் தடை போட்டது. ஆகவே வர்ஜீனியா போன்ற பழைய மாகாணங்களிலிருந்து தாயையும் பிள்ளையையும் பிரித்துத் தெற்கே மிஸிஸிப்பிக் கரைக்கு ஓட்டிச் சென்று விற்றார்கள். விட்னி கெட்ட மனிதரல்லர். தாம் சுழற்றிய உருளையின் மறுபக்கத்தில் என்ன விழுகிறது என்று அவர் பார்த்திருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புக்காகப் பேசித் திரிந்த ஜார்ஜ் தாம்ஸன் போன்றவர்களுக்கு ஒரு யோசனை உதித்தது. இந்தியாவில் சுதந்தரமான குடியானவன் விளைக்கும் பருத்தி மாஞ்செஸ்டருக்கு வந்தால், அமெரிக்க அடிமைப் பருத்திக்கு மவுசு குறையுமல்லவா? இதற்கென்றே 1839-ல் பிரிட்டிஷ் இந்தியா சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். கம்பெனியாருக்கும் பருத்தி வேண்டியிருந்தது. அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்: அடிமைகளை வைத்துப் பயிர் செய்யும் அமெரிக்க நாட்டிலிருந்தே பத்துத் தோட்டக்காரர்களை 1840-ல் சம்பளத்துக்கு அழைத்து வந்தார்கள்! விட்னி பாணி யந்திரங்களும் கூடவே வந்தன. 1842 முதல் 1853 வரை, தாவர சாஸ்திரி டாக்டர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயமுத்தூரில் பரிசோதனை நடந்தது. அமெரிக்க விதை நம் மழைக்கும் மண்ணுக்கும் சரியாக ஒத்துவரவில்லை. யந்திரத்தின் பற்களோ நம் நாட்டுப் பருத்தியின் குட்டை இழையை நறுக்கிவிட்டன. குடியானவன் தன் பழைய உருளையை விடவில்லை. அவனை மூடன் என்று எழுதினவர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அவனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் "சுதந்தரமான குடியானவன்" என்ற பேச்சிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. கரிசல் காட்டுச் சிறு விவசாயியைப் பொறுத்தவரை சரி. ஆனால் காவிரிப் பாசனத்து நெல் வயல்களில் அப்போது சேற்றில் நின்றவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக மிராசுதாருக்குக் கட்டுப்பட்ட அடியாட்கள். 1843-ம் வருஷத்து ஐந்தாவது சட்டம் வந்த பிறகுதான் கோர்ட்டுகள் ஒருவன் இன்னொருவனுக்கு அடிமை என்ற வாதத்தைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்தின. அடிமை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860-ல் இயற்றிய பீனல் கோடு 1862-ல் அமலுக்கு வந்தபோது. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோயமுத்தூரில் வைட் பத்து வருஷம் பாடுபட்டும் நடக்காத காரியத்தை 1861-ல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நடத்திவைத்தது. தென் மாகாணத் துறைமுகங்களை வடக்கத்தியர் அடைத்தார்கள். லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தன. பருத்தி விலை மூன்று நான்கு மடங்கு ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. 1865-ல் சண்டை ஓய்ந்தது, விலை சரிந்தது, கடன் வாங்கி விதைத்தவன் கடனோடு நின்றான். அங்கே விடுதலை பெற்ற நீக்ரோவும் பழைய எஜமானன் நிலத்தையே வாரத்துக்கு எடுத்துக் கடனில் மூழ்கினான்.

நம் பரண் உருளைகளை ஓரங்கட்டியது கடைசியில் விட்னியின் பல் அல்ல. 1840-ல் மெக்கார்த்தி என்ற இன்னொரு அமெரிக்கர் கண்ட, இழையை அறுக்காத உருளை யந்திரத்தின் வம்சம்தான் நம் அரவை ஆலைகளில் ஓடுகிறது. பருத்தி எடுக்கும் யந்திரம் அமெரிக்காவில் பரவியது 1940-களுக்குப் பிறகு. புளியஞ்சோலைப் பாதைக்கு அது வந்து சேரவில்லை.

பாட்டி மடியை அவிழ்த்துச் சாக்கில் கொட்டினாள். காய்ந்த காயின் முனை கிழித்த கோடுகள் அவள் விரல்களில் இருந்தன. எடை போடுகிறவன் தராசைத் தூக்கினான். முள் நிற்கும் வரையில் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.