கூம்பு கேட்ட குரல்: தொடக்ககால இசைத்தட்டுகளின் ஒலித்தரமும் இசைநுகர்வும்

முன்னுரை

பழைய இசைத்தட்டின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டால் அக்காலப் பாட்டு அவ்வாறே செவிக்குக் கிடைத்துவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. எதைக் கேட்க இயலும், எதைச் சுவைக்க இயலும் என்பதையே பதிவின் தரம் வரையறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கூம்பின் எல்லை

1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்த காலத்தில் ஒலிவாங்கி இல்லை. 1925-இல் மேலைநாடுகளில் மின்முறைப் பதிவு நடைமுறைக்கு வரும்வரை இந்நிலையே நீடித்தது. பாடகர் கூம்பினுள் பாட, குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறியது. ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே நன்கு பதிந்தன. ஆகவே தம்புராவின் மந்தர ஒலியும் மிருதங்கத் தொப்பியின் நாதமும் மங்கின. எடுப்பான குரலும் அதன் கமகமும் துலங்கின. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஓடியதால் விரிவான ஆலாபனைக்கு இடமில்லாது போயிற்று.

கோயம்புத்தூர் தாயியின் தட்டு

இக்குறைகள் சுவையை அழித்துவிடவில்லை. கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டுகளில் ஈடுபட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், அவர் பாடிய அருட்பாப் பதிவொன்றை அடியொற்றி 'ராகமாலிகா' என்னும் படைப்பை இயற்றினார். அதில் பியானோவின் ஒரு சுரத்துக்குரிய தந்திகளிடையே அட்டையைச் செருகி மத்தள ஒலியைப் போலச் செய்யுமாறு குறித்தார். கூம்பு மங்கச் செய்த தாளக்கருவி ஒலிக்கு அவர் தம் படைப்பில் தனியிடம் அளித்தமை கருதத்தக்கது.

சுழற்சி வேகம்

அக்காலத் தட்டுகள் யாவும் நிமிடத்திற்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78-இல் இயக்கினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும். காலப்பிரமாணமும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விரையும். குரலின் இயல்பான கனமும் குறைந்து தோன்றும்.

முடிவுரை

முன்னோர் உச்சச் சுருதியில், விரைவாக, சுருக்கமாகப் பாடினர் என்று தட்டுகளை மட்டும் சான்றாகக் கொண்டு முடிவுகட்டுவது பிழையாகலாம். அவற்றுள் எது பாடகரின் பாணி, எது கூம்பும் சுழற்சியும் விளைத்தது எனப் பிரித்தறிதல் இசை வரலாற்றாய்வின் முதற்பணியாகும். பழந்தட்டுகளை எண்ணிமமாக்குவோர் இயக்கிய வேகத்தையும் நீக்கிய இரைச்சலின் அளவையும் உடன் பதிந்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், மெருகேற்றிய ஒலி இனிமை தரினும் சான்றாக நில்லாது.