மறுப்பின் நேர்மை: மார்மன் நம்பிக்கைகளை எதிர்கொள்ளும் சுவிசேஷ ஊழியங்கள்

மார்மன் சமயத்தை மறுத்து எழுதும் வழக்கத்துக்கு ஏறக்குறைய அந்தச் சமயத்தின் வயதேதான். ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தம் சபையை நிறுவியது 1830இல். நான்கே ஆண்டுகளில் ஒஹாயோவில் இ. டி. ஹவ் என்ற பத்திரிகையாசிரியர் முதல் பெரிய கண்டன நூலை அச்சிட்டுவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பணி பெரும்பாலும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் கைக்கு வந்தது. வால்டர் மார்ட்டின் 1965இல் வெளியிட்ட ‘தி கிங்டம் ஆஃப் தி கல்ட்ஸ்’ அதற்கு வடிவம் கொடுத்தது. பில் மெக்கீவர் 1979இல் தொடங்கிய மார்மனிசம் ரிசர்ச் மினிஸ்ட்ரி, சால்ட் லேக் சிட்டியில் ஜெரால்ட் டேனர், சாண்ட்ரா டேனர் தம்பதியர் நடத்திய யூட்டா லைட்ஹவுஸ் மினிஸ்ட்ரி ஆகியவை துண்டறிக்கை, செய்திமடல் வழியாக வளர்ந்து பிறகு இணையத்தில் நிலைகொண்டன.

இவற்றை மதிப்பிடுவோர் இரண்டு அளவுகோல்களையே எடுக்கிறார்கள். மார்மன் தரப்பு இவற்றில் பகைமையைத் தேடுகிறது. சுவிசேஷத் தரப்பு மனமாறியவர்களை எண்ணுகிறது. இரண்டும் போதா. எதிர்த்தரப்பின் கொள்கையை எவ்வளவு துல்லியமாக எடுத்துரைக்கிறார்கள், தமக்குச் சாதகமாக வரும் சான்றை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறார்கள் என்பதே ஒரு மறுப்பின் தகுதியைத் தீர்மானிக்க வேண்டும். பிறர் கொள்கையைப் பரபக்கமாக முதலில் விரித்துரைத்து, பிறகே தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவிய சிவஞான சித்தியாரை உடைய மொழியில் இந்த அளவுகோலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

முதலில் கொள்கை வேறுபாடு. அது சிறியதல்ல என்பதில் சுவிசேஷத் தரப்பு சொல்வதே சரி. நிசேயா விசுவாசப் பிரமாணம் கூறும் திரியேகத்துவத்தை மார்மன் சபை ஏற்பதில்லை. பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான உடல் உண்டு என்பது அச்சபை வேதமாக ஏற்கும் ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் போதனை. கடவுளும் ஒரு காலத்தில் மனிதராயிருந்தவர் என்று 1844 ஏப்ரலில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஸ்மித் நாவூ நகரில் பிரசங்கித்தார். கிருபையினாலேயே இரட்சிப்பு என்ற பவுலின் போதனைக்குப் பக்கத்தில், மனிதர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்த பிறகு வரும் கிருபையைப் பேசும், அச்சபையின் மற்றொரு வேதமான மார்மன் நூலின் வசனத்தை வைத்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எவருக்கும் புலப்படும். பெயரளவில் இருவரும் கிறிஸ்தவர்கள்தானே, பூசல் எதற்கு என்று கேட்பவர்கள் இரு தரப்பையும் படிக்காதவர்கள்.

ஆனால் இங்கேயே முதல் சறுக்கலும் நேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசங்கம் ஒன்றில் ஒரு தலைவர் சொன்ன கருத்தை இன்றைய சபை முழுவதன் விசுவாச அறிக்கையாகக் காட்டுவது பல ஊழியங்களின் வழக்கம். மார்மன் சபைக்கு வேதநூல்கள் உண்டு. வாழும் தீர்க்கதரிசி உண்டு. முறையாக எழுதிவைத்த விசுவாசப் பிரமாணத் தொகுப்பு, நிசேயா தந்ததுபோல், இல்லை. அதனால் எது கட்டுப்படுத்தும் போதனை, எது தனிக்கருத்து என்ற எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த நெகிழ்வைத் தப்பிக்கும் வழியென்று கண்டிப்பது எளிது. அதை அச்சமயத்தின் இயல்பாகவே புரிந்துகொண்டு வாதிடுவதுதான் கடினம். சுவிசேஷ இறையியல் மாணவர்களான கார்ல் மோசரும் பால் ஓவனும் 1998இல் எழுதிய கட்டுரை தம் தரப்பைப் பார்த்தே இந்தக் குற்றச்சாட்டை வைத்தது: மார்மன் அறிஞர்கள் கனமான ஆய்வுகளை எழுதிக்கொண்டிருக்க, மறுப்பவர்கள் அவற்றைப் படிக்கவேயில்லை. அக்கட்டுரைக்குப் பிறகும் நிலைமை பாதிதான் மாறியது.

இதற்கு மாறாக நிற்பவர்கள் டேனர் தம்பதியர். இருவரும் மார்மன் குடும்பங்களில் பிறந்தவர்கள். சாண்ட்ரா, சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங்கின் வழித்தோன்றல். சபையை விட்டு வெளியேறியபின் அவர்கள் பிரசங்க மேடையைத் தேடவில்லை, அச்சகத்தைத் தேடினார்கள். சபையின் பழைய இதழ்கள், முதற்பதிப்புகள், கைப்பிரதிகள் ஆகியவற்றின் நிழற்படப் பிரதிகளை அச்சிட்டு விற்றார்கள். மார்மன் நூலின் முதற்பதிப்பையும் பிற்காலப் பதிப்பையும் வரிவரியாக ஒப்பிட்டு மாற்றங்களைப் பட்டியலிட்டார்கள். 1820இல் தமக்குக் கிடைத்ததாக ஸ்மித் சொன்ன முதல் தரிசனத்தைப் பற்றி 1832இல் அவரே எழுதிய குறிப்பொன்று உண்டு. பிதாவும் குமாரனும் இருவராகத் தோன்றினர் என்ற, சபையில் நிலைபெற்ற பிற்கால வடிவத்திலிருந்து அது வேறுபட்டது. 1965இல் பொது வாசகரிடம் அதைக் கொண்டுசேர்த்ததில் டேனர்களுக்குப் பெரும் பங்குண்டு. சபை வேதமாக ஏற்கும் ஆபிரகாம் நூலை மொழிபெயர்க்க ஸ்மித்துக்கு மூலமாக இருந்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களின் எஞ்சிய துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்கு வந்தன. அவை இறந்தோருக்கான எகிப்தியச் சடங்கு ஏடுகள் என்று எகிப்தியவியலாளர்கள் கண்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஸ்மித் காலத்து எகிப்திய இலக்கணக் குறிப்பேட்டை டேனர்கள் அதற்கு முந்தைய ஆண்டே அச்சிட்டிருந்தார்கள்.

இவர்களுடைய நேர்மைக்குச் சோதனை 1984இல் வந்தது. மார்க் ஹாஃப்மன் என்ற ஆவண வணிகர் மூலம் 1830ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று வெளிப்பட்டது. மார்மன் நூலின் மூலமென்று ஸ்மித் சொன்ன தங்கத் தகடுகளை எடுக்கப்போன அவரைத் தடுத்தது, பல்லி போன்ற வெள்ளைச் சாலமாண்டர் உருவெடுத்த ஆவி என்று அதில் இருந்தது. மந்திர வித்தையிலும் புதையல் தேடலிலும் முளைத்த சமயம் இது என்று அதுவரை வாதிட்டுவந்த எதிர்ப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்திருக்க முடியாது. ஜெரால்ட் டேனர் அதை ஏற்கவில்லை. 1834ஆம் ஆண்டு ஹவ் நூலின் பகுதிகளோடு கடிதம் சந்தேகத்துக்கிடமாக ஒத்துப்போவதைக் கண்டு, தம் செய்திமடலிலேயே ஐயத்தை அச்சிட்டார். மனைவி சாண்ட்ராகூட முதலில் உடன்படவில்லை. வல்லுநர்கள் பலர் அது உண்மையானதே என்றார்கள். மார்மன் சபையின் தலைமையும் அதை ஏமாற்று என்று கண்டறியவில்லை. 1985 அக்டோபரில் தன் மோசடி வெளிவராதிருக்க ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இருவர் உயிரிழந்தனர். 1987இல் அவன் கொலைகளையும் மோசடிகளையும் ஒப்புக்கொண்டான்.

தன் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஆவணத்தைத் தானே முதலில் சந்தேகித்தவரை மறுப்பு இலக்கியத்தின் முழு வரலாற்றிலும் எளிதில் காண முடியாது. டேனரின் மற்றெல்லாப் பணிகளையும் மறந்தாலும் இந்த ஒன்றுக்காக அவரை ஆய்வுலகம் மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே ஆண்டுகளில் மறுகரையில் நின்றது எட் டெக்கரின் ‘தி காட் மேக்கர்ஸ்’ திரைப்படம். 1982இல் வெளியாகி அமெரிக்கச் சபைகளெங்கும் திரையிடப்பட்ட அந்தப் படம், மார்மன் நம்பிக்கைகளைக் கேலிச்சித்திரமாக்கிக் காட்டியது. ஆலயச் சடங்குகளில் சாத்தான் வழிபாடு மறைந்திருப்பதாக டெக்கர் வட்டத்திலிருந்து எழுந்த குற்றச்சாட்டுகளை அச்சில் மறுத்தவர்களும் டேனர்களே. தம் தரப்பாரின் கோபத்துக்கு ஆளாக அவர்கள் தயங்கவில்லை. சுவிசேஷ உலகம் திரைப்படத்துக்குக் கொடுத்த செவியில் ஒரு பங்கையாவது இந்த மறுப்புக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இணையக் காலத்தில் மோதல் நீதிமன்றம் ஏறியது. சபையின் உள்சுற்றுக் கையேட்டின் சில பக்கங்களை டேனர்கள் 1999இல் இணையத்தில் வெளியிட, சபையின் பதிப்புரிமை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பக்கங்களை எடுத்துவிட்டு, கையேடு கிடைக்கும் பிற முகவரிகளை மட்டும் குறிப்பிட்டதையும் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. இணைய இணைப்புகள் பற்றிய அமெரிக்கச் சட்ட விவாதங்களில் அந்த ஆணை இன்றும் இடம்பெறுகிறது. பின்னர், டேனர்களின் பெயரை ஒத்த முகவரிகளில் மார்மன் ஆதரவாளர் ஒருவர் நையாண்டித் தளம் அமைத்தபோது அவர்கள் தொடுத்த வழக்கில் 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆவண வழியின் பெரிய வெற்றி வேறிடத்தில் தெரிந்தது. 2013இல் மார்மன் சபை தன் வரலாற்றுச் சிக்கல்கள் பற்றிய அதிகாரபூர்வக் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கியது. ஸ்மித்தின் பலதார மணம், முதல் தரிசனத்தின் பல வடிவங்கள், எஞ்சிய பாப்பிரஸ் துண்டுகளின் எழுத்துகள் ஆபிரகாம் நூலோடு பொருந்தாமை ஆகியவற்றைச் சபையே எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஸ்மித்தின் ஆவணங்கள் முழுவதையும் செம்பதிப்பாகக் கொணரும் திட்டமும் 2008இல் தொடங்கி 2023இல் 27 தொகுதிகளாக நிறைவெய்தியது. சபைக்குள்ளிருந்த வரலாற்றாசிரியர்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆயினும் வெளியிலிருந்து ஓயாமல் வந்த அச்சுப் பிரதிகள் இல்லாமல் இந்த வேகம் வந்திருக்காது.

ஆனால் வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? மார்மன் குடும்பத்தில் வளர்ந்து விலகிய அமெரிக்கர்களில் சுவிசேஷ சபைகளில் சேர்ந்தவர்களைவிட எந்தச் சமயமும் சாராதவர்கள் அதிகம் என்று பியூ ஆய்வு மையத்தின் 2014 கணக்கெடுப்பு காட்டியது. 2013 முதல் இணையத்தில் பரவிய, சமயச் சார்பற்ற முன்னாள் மார்மன் ஒருவரின் நீண்ட கடிதமும் ஏறக்குறைய இதே சான்றுகளையே அடுக்கியது. பதிப்புகளை ஒப்பிடு, சாட்சியங்களின் முரணைக் கவனி, தீர்க்கதரிசியின் கூற்றை வரலாற்றில் சோதி என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் அதே கேள்விகளோடு ஆதியாகமத்தையும் சுவிசேஷங்களையும் திறப்பார். அந்த வாசகருக்குப் பதில் சொல்லும் பணியை இந்த ஊழியங்களில் பல தொடங்கவேயில்லை. இதுவே அவற்றின் ஆழமான குறை.

மாற்றுவழி உண்டு. சுவிசேஷ அறிஞர் கிரெய்க் பிளாம்பெர்க்கும் மார்மன் அறிஞர் ஸ்டீஃபன் ராபின்சனும் 1997இல் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். 2004 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியின் மார்மன் பெருமண்டபத்தில், சென்னையில் பிறந்த சுவிசேஷகர் ரவி சக்கரியாஸ் உரையாற்றிய கூட்டத்தில், ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மவ், மார்மன்களின் நம்பிக்கையைத் தம்மவர் திரித்துச் சொல்லிவந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஊழியர்கள் பலர் கொதித்தார்கள். தாங்கள் திரிக்கவில்லை என்றார்கள். டேனர் போன்றவர்களைப் பொறுத்தவரை அது நியாயமான எதிர்ப்பு. ‘தி காட் மேக்கர்ஸ்’ படத்தைத் திரையிட்ட சபைகளைப் பொறுத்தவரை மவ் கேட்ட மன்னிப்பே நியாயம்.

இந்த விவாதம் நமக்கும் தொலைவானதல்ல. பெங்களூருவில் மார்மன் ஆலயம் அமையும் என்ற அறிவிப்பு 2018இல் வந்தது. தமிழ்ச் சபைகளில் ‘கள்ள உபதேசம்’ என்ற தலைப்பின் கீழ் மார்மன்களும் யெகோவா சாட்சிகளும் ஒரே மூச்சில் பேசப்படுகிறார்கள். இனி எழுதப்போகும் தமிழ் ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்மித்தின் ஆவணங்கள் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. இரண்டாம் கை மேற்கோளை நகலெடுப்பதற்கு முன் அவற்றைத் திறந்து பாருங்கள். எழுதியதை ஒரு மார்மன் நண்பரிடம் காட்டி, உங்கள் விசுவாசத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று கேளுங்கள். மறுப்பை அதன் பிறகு எழுதுங்கள்.